குழாயில் வரும் கல்

கெய்சர் சுடவில்லை என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டால், பையைத் திறக்கும் முன்பே அவர் கேட்பது ஒன்றுதான்: "போர் தண்ணியா, கார்ப்பரேஷன் தண்ணியா?" போர் என்று சொல்லிவிட்டால் அவருக்குப் பாதி வேலை முடிந்தது. அடிமூடியைக் கழற்றிக் காயிலை உருவுகிறார். வழவழவென்று இருக்கவேண்டிய செம்புக் குழாய் வெள்ளையும் பழுப்புமாகப் பொருக்கு ஏறித் தடித்திருக்கிறது. அதன் பின்னாலேயே சில்லு சில்லாகக் கைப்பிடியளவு கொட்டுகிறது. "எல்லாம் உப்பு சார்" என்கிறார்.

அந்தச் சில்லு ஒன்றை எடுத்து ஒரு தம்ளர் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். நாள் முழுக்க இருந்தாலும் கரையாது. எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விட்டால் மட்டும் நுரைக்கும். அரியலூரில் வெடிவைத்து எடுத்து சிமென்ட் சூளைக்கு அனுப்புகிறார்களே, அதே சுண்ணக்கல்தான், கால்சியம் கார்பனேட். சாப்பாட்டு உப்பு கெய்சருக்குள் இப்படிப் படியவே படியாது.

எவ்வளவு கல் வருகிறது என்று ஒரு கணக்குப் போடலாம். நகரத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசின் திட்ட அளவு. நாலு பேர் குடும்பத்துக்கு 540 லிட்டர். புறநகர் போர்வெல்களில் சாதாரணமாகக் காணும் கடினத்தன்மை, லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 270 கிராம். வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 100 கிலோ. இரண்டு மூட்டை சிமென்ட் எடைக்குச் சமமான கல், கண்ணுக்குத் தெரியாமல், ஒவ்வொரு வருஷமும் உங்கள் வீட்டுக் குழாய் வழியாக உள்ளே வந்து சாக்கடை வழியாக வெளியே போகிறது. போகாமல் தங்கிவிடும் கொஞ்சத்தோடுதான் நம் சண்டை.

அது எங்கே தங்கும், ஏன் தங்கும் என்று தெரிந்துகொண்டால் செலவில் பெரும்பகுதி மிச்சம். தெரியாமல் இருப்பதில் லாபம் பார்க்கும் வியாபாரம் ஒன்று ஊரெங்கும் நடக்கிறது.

மழையாய் விழுந்தது கல்லாய் வருவது

மழைநீரில் கல் கிடையாது. மண்ணுக்குள் இறங்கும்போது வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு, லேசான அமிலமாகிவிடுகிறது. அந்த அமிலம் பாறையிலிருந்து கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்து எடுக்கிறது. தண்ணீர் பாறை இடுக்கில் எத்தனை காலம் தங்குகிறதோ அந்த அளவுக்குக் கரைசல் ஏறும். 80 அடிக் கிணற்றில் நன்றாக இருந்த தண்ணீர் ஆயிரம் அடி போர்வெல்லில் வாயில் வைக்க முடியாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தமிழ்நாட்டுக்குள்ளேயே எத்தனை தண்ணீர்! தாமிரபரணி பொதிகையின் கெட்டிப் பாறைமேல் ஓடிவருவது. கரைக்க அதிகம் கிடைக்காததால் மென்னீர். அல்வா ருசிக்கு அந்தத் தண்ணீர்தான் காரணம் என்று நெல்லைக்காரர்கள் சொல்வதை மறுத்துப் பேச எனக்குத் துணிவில்லை. கோயம்புத்தூரில் சிறுவாணி ஒரு குழாயிலும் போர் தண்ணீர் இன்னொரு குழாயிலும் வரும். எது நல்ல தண்ணி, எது உப்புத் தண்ணி என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். அதே ஊரின் விளிம்பில், மதுக்கரையில், 1930-களிலிருந்து சிமென்ட் ஆலை ஓடக் காரணம் அங்கே பூமிக்குள் கிடக்கும் சுண்ணக்கல். அரியலூர், பெரம்பலூர் பக்கம் சொல்லவே வேண்டாம். பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியாக இருந்த நிலம் அது.

சென்னையின் கதை வேறு. கரையோரம் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்ச, கடல் உள்ளே வந்தது. மீஞ்சூர்ப் பகுதி இதற்கு நாடறிந்த உதாரணம். கடல்நீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 6,000 மில்லிகிராமுக்கு மேல், பெரும்பகுதி மக்னீசியம். நூறு லிட்டரில் ஐந்து லிட்டர் கடல்நீர் கலந்தாலே கடினத்தன்மை 300 கூடிவிடும். பழைய மாமல்லபுரம் சாலையில் கோடி ரூபாய் கொடுத்து வாங்கிய அடுக்குமாடி வீட்டில் ஷவரைத் திறந்தால் பாதி ஓட்டைகளில் தண்ணீர் வராமல் போவதன் முன்கதை இது.

இந்தியத் தர அமைப்பின் குடிநீர் அளவுகோல், ஐ.எஸ். 10500, லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை கடினத்தன்மையை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு வழியே இல்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி உடம்புக்குப் பெரிதல்ல. உலக சுகாதார நிறுவனம் கடினத்தன்மைக்கு உடல்நல அடிப்படையில் உச்சவரம்பு எதுவும் வைக்கவில்லை. கால்சியமும் மக்னீசியமும் உடம்புக்கு வேண்டியவைதாம். ஆனால் 200-க்கும் 600-க்கும் நடுவில்தான் உங்கள் கெய்சரின் ஆயுள் தீர்மானமாகிறது.

சூடு ஏறினால் கல் இறங்கும்

சர்க்கரையோ உப்போ சூடான தண்ணீரில் அதிகம் கரையும். சுண்ணக்கல் இதற்கு நேர்மாறு. கரியமில வாயுவின் தயவில் பைகார்பனேட்டாகக் கரைந்து நிற்கும் கால்சியம், தண்ணீர் சூடானதும் அந்த வாயு ஓடிவிட, கார்பனேட்டாக மாறிப் பிரிந்துவிடுகிறது. எங்கே பிரியும்? எந்த இடம் அதிகமாகச் சுடுகிறதோ அங்கே. அதாவது காயிலின் தோல்மேல். இதைத் தற்காலிகக் கடினத்தன்மை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். சல்பேட், குளோரைடாக இருக்கும் மீதிப் பங்கு நிரந்தரக் கடினத்தன்மை; அது கொதிக்கவைத்தாலும் பிரியாது, தண்ணீர் ஆவியாகிக் காய்ந்த இடத்தில் மட்டும் கறையாக நிற்கும்.

ஆகவே குளிர்ந்த கடினநீர் கருவிகளுக்குப் பெரிய எதிரியல்ல. சூடும் ஆவியும்தான் அதை எதிரியாக்குகின்றன. வீட்டில் எந்தெந்தக் கருவி தண்ணீரைச் சுடவைக்கிறது என்று எண்ணிப் பார்த்தால், எது முதலில் போகும் என்ற வரிசை கிடைத்துவிடும்.

முதலிடம் கெய்சருக்கு. அதிலும் சமையலறையில் மாட்டும் 3 லிட்டர் உடனடி ஹீட்டர்கள். சின்ன காயில், 3 கிலோவாட். தோலின் ஒவ்வொரு சதுர அங்குலமும் கொதிக்கும். 15 லிட்டர், 25 லிட்டர் தொட்டிகளில் இந்த நெருக்கடி கொஞ்சம் குறைவு.

பொருக்கு, செம்பைக் காட்டிலும் நூறு மடங்குக்கும் மேல் மோசமான வெப்பக்கடத்தி. இதைச் சொல்லி, 'உங்கள் கரண்ட் பில் எகிறுகிறது' என்று பயமுறுத்தும் விளம்பரங்களை நீங்கள் பார்த்திருக்கலாம். மின்சாரத் தொட்டி கெய்சரைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் பொய். காயில் தண்ணீருக்குள் முழுகிக் கிடக்கிறது. அதில் பிறக்கும் சூடு தாமதமானாலும் கடைசியில் தண்ணீருக்குத்தான் போயாகவேண்டும், வேறு போக்கிடம் இல்லை. 2009-ல் அமெரிக்காவின் பட்டெல் ஆய்வு நிறுவனம் இதைச் சோதித்துப் பார்த்தது. சோதனைக்குப் பணம் கொடுத்ததே நீர்ச் சுத்திகரிப்புத் துறையின் ஆய்வு அமைப்பு. அப்படியிருந்தும் வந்த முடிவு: வாயுவில் எரியும் ஹீட்டர்களின் திறன் கடினநீரால் குறைந்தது, உடனடி வாயு ஹீட்டர்கள் அடைத்தே போயின, மின்சாரத் தொட்டி ஹீட்டரின் திறன் மாறவில்லை.

நஷ்டம் வேறு இடத்தில். சூட்டை வெளியே தள்ள முடியாத காயில் உள்ளுக்குள் வெந்து, மேல்குழாய் வெடித்து, மின்கசிவாகி ஈ.எல்.சி.பி.யைத் தட்டிவிடும். நிலக்கம்பியும் ஈ.எல்.சி.பி.யும் சரியில்லாத வீட்டில் தட்டிவிடக்கூட ஆளில்லை; குழாயைத் தொட்டால் ஷாக். தெர்மோஸ்டாட் குழல்மேல் பொருக்கு மூடினால் அது உண்மையான சூட்டை அறியாது. கெய்சர் ஓடும்போது உள்ளே கடகடவென்று உருளும் சத்தம் கேட்கிறதா? பொருக்குக்கு அடியில் சிக்கிய தண்ணீர் நீராவியாகி வெடித்து வெளியேறும் சத்தம் அது. இவற்றையெல்லாம்விட என்னைக் கவலைப்படுத்துவது சேஃப்டி வால்வு. அழுத்தம் ஏறினால் திறந்துகொள்ளவேண்டிய அந்தச் சின்ன வால்வும் பொருக்கு பிடித்து இறுகிவிடும். அதிலிருந்து சொட்டும் தண்ணீர் எரிச்சலூட்டுகிறது என்று அதன் வாயை அடைத்துவைக்கிற வீடுகளும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். தொட்டி வெடிக்காமல் இருப்பதற்கான கடைசிக் காவல் அது.

தொட்டிக்குள் ஆனோடு என்று ஒரு மக்னீசியக் கம்பி தொங்கும். தொட்டியின் இரும்பு அரிக்காமல் இருக்கத் தன்னைக் கொடுத்துக் கரைவது அதன் வேலை. கரைசல் மிகுந்த, சூடான தண்ணீரில் சீக்கிரம் கரைந்துவிடும். தீர்ந்துபோனால் அடுத்து அரிப்பு தொட்டியின் மேல் பாயும். அந்தக் கம்பியின் விலை புதுத் தொட்டியின் விலையில் சிறு துளி. இருந்தும் அதைக் கேட்டு மாற்றும் வீட்டுக்காரர்கள் அபூர்வம். சொல்லும் மெக்கானிக்குகளும் அபூர்வம். உத்தரவாத அட்டையைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தால், கடினநீரால் படியும் பொருக்குக்கு நாங்கள் பொறுப்பல்ல என்ற வரி பல நிறுவனங்களில் இருப்பது தெரியும்.

என்ன செய்யலாம்? பைசா செலவில்லாத வைத்தியம், திருகைக் குறைப்பது. 75 டிகிரியில் வைத்து, பக்கெட்டில் பச்சைத் தண்ணீர் கலந்து விளாவிக் குளிப்பதைவிட, 55, 60-க்குள் வைத்துக் கொஞ்சம் அதிகமாகச் சுடுதண்ணீர் எடுத்துக்கொள்வது நல்லது. சூடு ஏற ஏறப் படிவு வேகமாக ஏறும். வருஷத்துக்கு ஒரு தடவை தொட்டியை வடித்து, காயிலைக் கழற்றிச் சுரண்டி, ஆனோடைப் பார்க்கச் சொல்லுங்கள். போர் தண்ணீர் மிகக் கடினமான இடத்தில் ஆறு மாதம். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, தெரிந்த ஆளை வைத்துச் செய்யவேண்டிய வேலை இது. யூடியூப் பார்த்து முயல்வதற்கல்ல. மொட்டைமாடியில் சோலார் ஹீட்டர் வைப்பவர்கள், தண்ணீர் கடினமென்றால் ஒல்லியான செம்புக் குழாய்த் தகடு வகையைத் தவிர்த்து அகலக் கண்ணாடிக் குழாய் வகையை வாங்கலாம். அதிலும் பொருக்கு சேரும். அடைத்து நிற்க நாளாகும்.

நுரைக்காத சோப்பும் நூறு ரூபாய்ப் பவுடரும்

சவுக்காரம், கால்சியத்தைக் கண்டால் நுரைப்பதை விட்டு அதோடு சேர்ந்து பிசுபிசுத்த வெள்ளைத் திரியாகிவிடும். கணக்கு இது: ஒரு கிராம் கடினத்தன்மை சுமார் ஆறு கிராம் சோப்பைத் தின்னும். 500 கடினத்தன்மை உள்ள 20 லிட்டர் பக்கெட் தண்ணீரில் 10 கிராம் இருக்கிறது. அந்தப் பக்கெட் முழுக்க நுரை வரவேண்டுமானால், முதல் 60 கிராம் சோப்பு அழுக்கைத் தொடாமலேயே வீணாகும். குளியலறைத் தரையிலும் வாளியின் விளிம்பிலும் வழவழவென்று ஒட்டும் படலம் அந்த வீணான சோப்புதான்.

அந்தக் காலத்துச் சலவைத் தொழிலாளர்கள் உவர்மண்ணைத் தேடிப்போனது ஏன் என்று இப்போது விளங்கும். அதில் சோடியம் கார்பனேட் இருக்கிறது. கால்சியத்தை முதலிலேயே பிரித்து அடியில் தள்ளிவிட்டு வெள்ளாவியில் துணியை அவிப்பார்கள். இன்றைய சலவைத் தூளிலும் அந்தச் சோடாவே இருக்கிறது, கூடவே கால்சியத்தைப் பிடித்துவைக்கும் மற்றப் பொருட்களும். தூளில் ஒரு பங்கு துணிக்கு, ஒரு பங்கு தண்ணீரைப் பதப்படுத்த. போர் தண்ணீர் வீடுகளில் தூள் அதிகம் செலவாவதும், சரியாக அலசாத துணி விறைத்து நிற்பதும் இதனால்.

வாஷிங் மெஷின் காரர்களுக்கு ஆறுதலாக ஒன்று. நம் ஊரில் பெரும்பாலோர் பச்சைத் தண்ணீரில்தான் துவைக்கிறார்கள். டாப் லோடு மெஷின்கள் பலவற்றில் ஹீட்டரே கிடையாது. இருக்கும் ஃப்ரன்ட் லோடிலும் சூடு வைக்காமல் துவைத்தால் ஹீட்டரில் பொருக்கு ஏறாது. அப்புறம் எதற்கு மாதாமாதம் டீஸ்கேலிங் பவுடர்? 40, 60 டிகிரியில் வழக்கமாகத் துவைப்பவர்களுக்கு அது தேவை. மற்றவர்களுக்கு டிரம் நாறாமல் இருக்க எப்போதாவது. தண்ணீர் நுழையும் வாயில் இருக்கும் சல்லடையை மாதம் ஒருமுறை கழற்றித் தட்டிக் கழுவுவது அந்தப் பவுடரைவிடப் பயன். 'தண்ணீர் வரவில்லை' என்று மெஷின் நிற்பதில் பல தடவை குற்றவாளி அந்தச் சல்லடைதான்.

குழாய்க்கும் மெஷினுக்கும் நடுவே மாட்டும் கண்ணாடிக் கோலி போன்ற உருண்டைகள் கொண்ட ஃபில்டர் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். பாலிபாஸ்பேட் உருண்டைகள் அவை. கடினத்தன்மையை எடுக்காது, படிகமாகாமல் கொஞ்சம் தள்ளிப்போடும். மிதமான சூட்டில் பலன் தரும், தீரத் தீர மாற்றவேண்டும். பைப்பைச் சுற்றிக் கட்டும் காந்தப் பட்டைகளை ஆதரித்து நம்பத்தக்க, நிலையான சான்று கிடையாது. காசு மிச்சமிருந்தால் வேறு ஏதாவது வாங்கலாம்.

பருப்பு வேகாத இடம்

சமையலறைக்கு வருவோம். 'அந்தப் பருப்பு இங்கே வேகாது' என்று சவால் விடுகிறோமே, கடினநீர் உள்ள ஊரில் அது வெறும் உண்மை. பருப்பின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டினோடு கால்சியம் சேர்ந்து அதை இன்னும் இறுக்கிவிடுகிறது. துவரம்பருப்பும் கொண்டைக்கடலையும் எத்தனை விசில் விட்டாலும் நறுக்கென்றே நிற்கும். கேஸ் செலவு கூடும். ஊறவைக்கவும் வேகவைக்கவும் மட்டும் நல்ல தண்ணீரைப் பயன்படுத்தினால் போதும். காய்கறி கழுவ எந்தத் தண்ணீராக இருந்தாலென்ன. தேநீரின் மேல் எண்ணெய்போல் மிதக்கும் பழுப்பு ஆடையும் கால்சியத்தின் கைவரிசை.

இட்லிப் பானையின் அடித்தண்ணீரில் பிழிந்துபோட்ட எலுமிச்சை மூடியோ துளி புளியோ போடுவது நம் வீடுகளில் தலைமுறை வழக்கம். வேதியியல் படிக்காமலேயே சரியான வேதியியல். அமிலம் கார்பனேட்டைப் படியவிடாது, அலுமினியம் கறுக்காமலும் காக்கும். கெட்டிலுக்கும் அதே வைத்தியம்: அரை லிட்டர் தண்ணீரில் இரண்டு கரண்டி சிட்ரிக் ஆசிட் போட்டுக் கொதிக்கவிட்டு, அரைமணி ஊறவைத்து ஊற்றினால் புதுப்பாத்திரம். ஷவர் தலையையும் குழாய்முனைச் சல்லடையையும் அதில் ராத்திரி ஊறப்போடலாம். பாத்ரூம் ஆசிட்டைக் கருவிகள் பக்கமே கொண்டுபோகாதீர்கள். எவர்சில்வரைக் குத்திக் குத்தி அரிக்கும். பிளீச்சிங் பவுடரோடு கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் உயிருக்கே ஆபத்து.

ஆவி இஸ்திரிப் பெட்டிக்குப் போர் தண்ணீர் ஊற்றினால் வெள்ளைச் சட்டையில் பழுப்புப் பொட்டு விழும். இன்வெர்ட்டர் பாட்டரிக்கு வாங்கும் டிஸ்டில்டு வாட்டரில் ஒரு பாட்டிலை அதற்கும் ஒதுக்கிவிடுங்கள். பாத்திரம் கழுவும் மெஷின் வாங்கியவர்களுக்கு ஒரு சொல். அதன் அடியில் இருக்கும் உப்புக் குழி, உள்ளேயே இருக்கும் ஒரு குட்டி மென்னீராக்கிக்கானது. அதற்குரிய சுத்தமான உப்பு விலை அதிகமென்று கல்லுப்பைக் கொட்டுகிறார்கள். கல்லுப்பிலேயே கால்சியமும் மக்னீசியமும் மண்ணும் இருக்கின்றன. எதை எடுக்க மெஷின் பாடுபடுகிறதோ அதையே அள்ளிப் போடுகிறோம்.

கறுக்கும் தண்ணீர் வித்தை

வீட்டு வாசலில் டை கட்டிய இளைஞர் ஒருவர் வந்து நிற்கிறார். கையில் பேனா போல ஒரு டி.டி.எஸ். மீட்டர். உங்கள் தண்ணீரில் விட்டதும் 1,100 என்று காட்டுகிறது. அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீரில் 40. பிறகு முக்கியமான காட்சி. நாலு உலோகக் குச்சிகள் நீட்டிய கருவி ஒன்றை இரண்டு தம்ளரிலும் வைத்து மின்சாரம் கொடுக்கிறார். ஆர்.ஓ. தண்ணீர் தெளிவாகவே இருக்க, உங்கள் தண்ணீர் ஒரு நிமிஷத்தில் பழுப்பாகி, பச்சையாகி, சாக்கடையாகிறது. "இதைத்தான் மேடம் குழந்தைக்குக் கொடுக்கிறீங்க."

அந்த அழுக்கு தண்ணீரில் இருந்ததல்ல. குச்சிகளில் இருந்தது. கருவியில் இரும்புக் குச்சியும் அலுமினியக் குச்சியும் இருக்கும். தண்ணீரில் தாது இருந்தால் மின்சாரம் பாயும். பாய்ந்தால் இரும்பு கரைந்து துருவாகிக் கலங்கும். தாது நீக்கிய தண்ணீரில் மின்சாரம் பாயாது, ஒன்றும் ஆகாது. அடுத்த தடவை அந்த இளைஞரை உட்காரவைத்து, அவருடைய ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு மறுபடி செய்துகாட்டச் சொல்லுங்கள்.

டி.டி.எஸ். மீட்டர் பொய் சொல்வதில்லை. ஆனால் அது கடினத்தன்மையை அளப்பதில்லை. மொத்தம் எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதை மின்கடத்தலை வைத்து ஊகிக்கிறது. கரைந்திருப்பது சாப்பாட்டு உப்பா, கால்சியமா என்று அதற்குத் தெரியாது. டி.டி.எஸ். 900 இருந்தும் கெய்சரில் பொருக்கே படியாத தண்ணீர் உண்டு. 500-லேயே காயிலைக் கல்லாக்கும் தண்ணீரும் உண்டு. வேடிக்கை என்னவென்றால், அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ்ப் படித்த எந்தப் பொறியாளரும் முதல் வருஷ வேதியியல் ஆய்வகத்தில் கடினத்தன்மையை அளந்திருப்பார். பியூரெட்டில் ஈ.டி.டி.ஏ., குடுவையில் தண்ணீர், ஒயின் சிவப்பு நீலமாகும் நொடியில் குழாயை மூடவேண்டும். அதே பரிசோதனையைச் சொட்டுப் புட்டியாகச் சுருக்கிச் சில நூறு ரூபாய்க்கு விற்கிறார்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் பாட்டிலில் கொண்டுபோய்க் கொடுத்தாலும் பரிசோதித்துத் தருவார்கள். வாங்கும் கருவியின் விலையோடு பார்த்தால் அந்தக் கட்டணம் ஒன்றுமே இல்லை. மொத்தக் கடினத்தன்மையோடு காரத்தன்மையையும் கேட்டு வாங்குங்கள். காரத்தன்மை எவ்வளவோ கிட்டத்தட்ட அந்த அளவுக்குத்தான் சூட்டில் பொருக்காகும்.

ஆர்.ஓ. ஓர் அருமையான கண்டுபிடிப்பு. அதில் எனக்குச் சந்தேகமில்லை. 1960-ஐ ஒட்டிக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்த இருவர் சிட்னி லோபும் சீனிவாச சௌரிராஜனும். (பின்னவர் பெயரைக் கேட்டதும் திருக்கண்ணபுரத்துப் பெருமாள் நினைவுக்கு வந்தால் நீங்கள் நம்மவர்.) குடிக்கும் பத்து இருபது லிட்டருக்கு அது சரி. கெய்சரையும் மெஷினையும் காப்பாற்ற அது உதவாது. அவற்றுக்குப் போகும் தண்ணீர் அதன் வழியாகப் போவதே இல்லை. கழிவுநீரைப் பற்றிய பயமும் கொஞ்சம் மிகை. வீட்டு ஆர்.ஓ. நாலு லிட்டரில் ஒன்றைக் கொடுத்து மூன்றைத் தள்ளுகிறது என்றால், தள்ளுகிற தண்ணீர் வந்ததைவிட மூன்றில் ஒரு பங்குதான் கூடுதல் கடினம். கழிப்பறைக்கும் தரை துடைக்கவும் தாராளமாக ஆகும்.

கடினத்தன்மை என்ற பெயரில் முடி உதிர்வு முதல் சிறுநீரகக் கல் வரை எல்லாவற்றையும் ஏற்றுவதும் இந்த வியாபாரத்தின் ஒரு பகுதி. தோல் விஷயத்தில் மட்டும் ஒரு நல்ல சோதனை உண்டு. இங்கிலாந்தில் கரப்பான் நோய் உள்ள 336 குழந்தைகளின் வீடுகளில் பாதிப் பேருக்கு மென்னீராக்கி பொருத்திப் பார்த்தார்கள். 2011-ல் முடிவு வந்தது: நோயில் வித்தியாசமில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரியின் ஃப்ளோரைடு வேறு சங்கதி. பல்லையும் எலும்பையும் உண்மையிலேயே கெடுப்பது. மென்னீராக்கி அதைத் தொடக்கூடத் தொடாது.

உப்பைக் கொடுத்துக் கல்லை வாங்குதல்

வீடு முழுவதற்குமான தீர்வு என்றால் சாஃப்ட்னர்தான். தொட்டிக்குள் பிசின் மணிகள். கால்சியம், மக்னீசியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். மணிகள் நிறைந்ததும் உப்புக் கரைசல் விட்டு அலசினால் பழையபடி தயார். பொருக்கு நின்றுவிடும், சோப்பு நுரைக்கும். டி.டி.எஸ். மட்டும் குறையாது, 'மெஷின் வேலை செய்யலையே' என்று மீட்டரை வைத்துக்கொண்டு சங்கத்தில் சண்டை போடுபவர்களுக்கு இதைச் சொல்லவேண்டும்.

குடிக்க அது வேண்டாம். 500 கடினத்தன்மையை முழுக்க எடுத்தால் லிட்டருக்கு 230 மில்லிகிராம் சோடியம் ஏறும். இரண்டு லிட்டர் குடித்தால், உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்லும் 2,000 மில்லிகிராம் வரம்பில் கிட்டத்தட்ட கால்பங்கு தண்ணீரிலேயே போய்விடும். ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கு நல்லதல்ல. சுத்தமாகக் கடினத்தன்மையே இல்லாத தண்ணீர் குழாய்களுக்கும் ஆகாது, அரிக்கும். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளில், எல்லாத் தாதுவையும் உறிஞ்சி எடுத்தபின், அனுப்புவதற்கு முன் சுண்ணாம்புச் சத்தை மறுபடி சேர்க்கிறார்கள். சாஃப்ட்னரில் பைபாஸ் குழாயைக் கொஞ்சம் திறந்து, 100, 150 அளவில் கலந்து விடுவதே விவேகம். உப்பும் மிச்சம்.

அந்த உப்புக் கணக்கை அடுக்குமாடிச் சங்கங்கள் போட்டுப் பார்க்கவேண்டும். 50 வீடுகள், வீட்டுக்கு 540 லிட்டர், 500 கடினத்தன்மை. தினமும் 13.5 கிலோ கல்லை நீக்கவேண்டும். ஒரு கிலோவுக்கு நடைமுறையில் இரண்டு கிலோவுக்கு மேல் உப்பு பிடிக்கும். தினம் 30 கிலோ. மாதம் ஒரு டன்னை நெருங்கும். கழிப்பறைத் தொட்டிக்குத் தனிக் குழாய் போட்டுப் போர் தண்ணீரை அப்படியே விட்டால் இதில் கணிசம் குறையும். புதிதாகக் கட்டும்போது சுலபம். கட்டியபின் சுவரை உடைக்கவேண்டும்.

2003-ல் மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாடு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது. சென்னையில் வருஷத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. ஆயிரம் சதுர அடி மாடியில் வழிவதில் வீணாவது போக ஒரு லட்சம் லிட்டர் தேறும். கடினத்தன்மை கிட்டத்தட்ட பூஜ்யம். இதில் ஒரு பங்கை வடிகட்டிச் சம்ப்பில் நேரே சேர்த்தால், அந்த மாதங்களில் சாஃப்ட்னருக்கு ஓய்வு. மீதியை நிலத்தில் இறக்கினால் போர்வெல்லின் கல் நீர்த்துக் குறையும். கிணற்றில் நெல்லிக்கட்டை போட்டு உவர் போக்கிய ஊர் இது; கட்டை எத்தனை கால்சியத்தைப் பிடித்ததோ, கிணற்றுக்குள் போன மழைதான் பெரும்பாலான வேலையைச் செய்திருக்கும் என்பது என் எண்ணம்.

பல வளாகங்களில் நடப்பது இதற்கு நேர் எதிர். பிசினை அலசிய உப்புக் கழிவு, எடுத்த கால்சியம் அத்தனையையும் கூடவே குளோரைடையும் சுமந்துகொண்டு, பக்கத்தில் எந்தக் குழி இருக்கிறதோ அதில் விடப்படுகிறது. சில இடங்களில் அது மழைநீர் சேகரிப்புக் குழி. போர்வெல்லில் இருந்து எடுத்த கல், மாதம் ஒரு டன் உப்பையும் கூட்டிக்கொண்டு, அதே போர்வெல்லுக்குத் திரும்பிப் போகிறது. உங்கள் வளாகத்தில் சாஃப்ட்னர் இருந்தால், அடுத்த பொதுக்குழுக் கூட்டத்துக்கு முன் பிளம்பரைக் கூட்டிக்கொண்டு போய் அந்தக் கழிவுக் குழாயின் மறுமுனை எங்கே திறக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.